கிருஷ்ணகிரியிலிருந்து ஈ.சி.ஆர்.: கடல் இடப்பக்கம் வரும்படி ஒரு கார் பயணம்

முதல் தடவை எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாகப் பாண்டிச்சேரி போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மாமல்லபுரம் பார்த்து ஓட்டினேன். கடல் முழுக்க வலப்பக்கம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் இல்லையா? கடற்கரைக்குப் பிரியும் ஒவ்வொரு ஊர்ச் சாலைக்கும் எதிரே வரும் பஸ்ஸைத் தாண்டித் திரும்ப வேண்டும். நடுவில் தடுப்பு வைத்த இடங்களில் அதுவும் முடியாது. ‘இங்கே, இங்கே’ என்று வீட்டுக்காரி காட்டி முடிப்பதற்குள் ஊரே தாண்டிவிடும். நாலு இடம் அப்படிப் போனது.

அதனால் இந்த முறை சுற்றைத் தலைகீழாக்கினோம். வடக்கிலிருந்து தெற்கே இறங்கினால் கடல் உங்கள் இடது கைப்பக்கம். வேண்டிய இடத்தில் அப்படியே ஒதுங்கித் திரும்பலாம்.

படி 1: விடிகாலை 3 மணிக்குக் கிளம்புங்கள். டயர், ஆயில், பாஸ்டேக் எல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் காஞ்சிபுரம். சென்னைக்குள் போகவே வேண்டாம்.

படி 2: காஞ்சிபுரத்தில் பெரிய சாலையை விட்டு வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். இங்கே ஜாக்கிரதை. ராணிப்பேட்டை பக்கத்தில் இருப்பது வாலாஜாபேட்டை, நமக்கு வேண்டியது வாலாஜாபாத். மேப்பில் அவசரமாக ‘வாலாஜா’ என்று தட்டி, முதலில் வந்ததைத் தொட்டுவிட்டேன். அரைத் தூக்கத்தில் அரை மணி நேரம் போச்சு.

படி 3: மேப்பில் ‘பாண்டிச்சேரி’ என்று மட்டும் போடாதீர்கள். நேரம் மிச்சம் என்று அது உங்களைத் திண்டிவனம் பக்கம் தள்ளிவிடப் பார்க்கும். கல்பாக்கம், கடப்பாக்கம், மரக்காணம் என்று ஒவ்வொரு ஊராகப் போட்டுக்கொண்டே போங்கள். என்னைக் கேட்டால், நாலு ஊர்ப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுவதே மேல்.

படி 4: இடங்கள். மாமல்லபுரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கடற்கரைக் கோயிலை வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். கடலில் மட்டும் இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

அதற்குப் பிறகு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. பெயர்தான் கடற்கரைச் சாலை, பாதி தூரம் கடலே தெரியாது. சவுக்குத் தோப்பும் சுற்றுச்சுவரும்தான். கடல் வேண்டுமென்றால் ஊருக்குள் திரும்பித்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு இடம் என்றால் என் ஓட்டு கடப்பாக்கத்தில் இடப்பக்கம் பிரியும் ஆலம்பரைக் கோட்டைக்கு. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை. மிச்சமிருக்கும் செங்கல் சுவர்மேல் நின்றால் முன்னால் கழிமுகம், அதற்கு அப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள்.

மரக்காணம் உப்பளத்தில் வண்டியைக் கட்டாயம் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் வெறும் தண்ணீர்தான், கோடையில்தான் காட்சி. நாங்கள் போனது மே மாதம். வரப்பில் ஏறியதும் செருப்படியில் உப்பு நறநறத்தது. வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் பையனைப் பார்த்து, “எந்த ஊருப்பா?” என்றார். கிருஷ்ணகிரி என்றதும், “மாங்கா ஊரா!” என்று சிரித்தார். டப்பாவில் பெங்களூரா மாங்காய்க் கீற்று இருந்தது. நீட்டினோம். அவர் குவியலின் மேலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவித் தந்தார். ஈரம் காயாத உப்பு, கடைசியில் லேசாகக் கசந்தது. பையன் டப்பாவைக் காலி செய்துவிட்டான்.

படி 5: பாண்டிச்சேரியில் இரவு தங்கல். கிளம்பும்போது டேங்க்கை நிரப்புங்கள், நாங்கள் போனபோது நம் பக்கத்தைவிட விலை குறைவு. திரும்பும் வழி திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை.

பிற்சேர்க்கை: தருமபுரிக்காரர் ஒருவர், திரும்பும்போது கிருஷ்ணகிரி வரை வர வேண்டுமா என்று கேட்டிருந்தார். தேவையில்லை. ஊத்தங்கரையில் இடப்பக்கம் திரும்பி அரூர் வழியாகப் போய்விடலாம்.

இன்னொருவர் வழியில் டிரோன் விடலாமா என்றார். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது ஐயா, அந்தப் பக்கம் பையைத் திறக்கவே திறக்காதீர்கள்.