குமரி மாவட்டச் சாலைகளில் வைஃபை வரைபடம்: எதை வாங்குவது, எதை நிறுவுவது?

வண்டியில் போகும்போதே வழியிலுள்ள வைஃபை நெட்வொர்க்குகளைப் பதிவுசெய்து, எது எங்கே கிடைத்தது என்று வரைபடத்தில் குறிப்பதுதான் வார்டிரைவிங். வைஃபை ரூட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை பீக்கன் என்ற சிறு அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க்கின் பெயர், மேக் முகவரி (அந்தக் கருவிக்கு உரிய அடையாள எண்), சேனல், பாதுகாப்பு வகை எல்லாம் அதில் உண்டு. அதைக் கேட்டு, ஜிபிஎஸ் காட்டும் இடத்தோடு சேர்த்து எழுதி வைக்கிறோம். எந்த நெட்வொர்க்கிலும் நுழைவதில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் போட்டுப் பார்ப்பதில்லை. அனுமதி இல்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் கீழ் வரும் விஷயம். கடவுச்சொல் இல்லாத நெட்வொர்க் என்றாலும் அதில் இணைய வேண்டாம்.

இதற்கான கருவி ஆலோசனைகள் பெரும்பாலும் சமதளமான பெருநகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் மாவட்டம் அப்படி இல்லை. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை சாலையோரம் கடையும் வீடும் விடாமல் வரும். குலசேகரம் பக்கம் திரும்பினால் ரப்பர் தோட்டங்கள், மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனி வீடுகள். குளச்சல், முட்டம் பக்கம் போனால் நெருக்கமான வீடுகள், உப்புக்காற்று. இந்த மூன்றுக்கும் ஒரே செட் பொருந்தாது. ஆகவே ஃபோன், ஜிபிஎஸ், அடாப்டர், ஆன்டெனா என்ற வரிசையில், ஒவ்வொன்றும் போதாது என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். முதலிலேயே பெரிய ஆன்டெனா வாங்குவது வீண் செலவு.

படி 1: ஆண்ட்ராய்டு ஃபோன்

‘விகிள் வைஃபை வார்டிரைவிங்’ என்ற இலவச ஆப்பை நிறுவுங்கள். விகிள் தளம் 2001 முதல் இயங்குகிறது. உலகம் முழுவதிலும் தன்னார்வலர்கள் சேர்த்த நெட்வொர்க் இடங்கள் அதில் இருக்கின்றன. ஐஃபோனில் இந்த வேலை நடக்காது. சுற்றியுள்ள வைஃபை பட்டியலைச் சாதாரண ஆப்களுக்கு ஆப்பிள் கொடுப்பதில்லை.

நிறுவியவுடன் ஓட வேண்டாம், ஒரு முக்கியமான அமைப்பை மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் ஆப் கூட இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் வைஃபை ஸ்கேன் செய்யலாம். அதாவது அரை நிமிடத்துக்கு ஒரு முறை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அரை நிமிடத்தில் 330 மீட்டருக்கு மேல் போய்விடுவோம். இடையில் உள்ள வீடுகளில் பாதி கணக்கில் வராது. ஆண்ட்ராய்டு 10 முதல் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கலாம். செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்’ என்பதை அணைத்துவிடுங்கள். அப்புறம், ஆப்புக்குத் துல்லியமான இருப்பிட அனுமதி கொடுத்து, பேட்டரி சேமிப்பிலிருந்து அதற்கு விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் பதிவு நின்றுவிடலாம்.

இருசக்கர வண்டியில் போகிறவர்கள் ஃபோனை பேன்ட் பாக்கெட்டில் வைக்காதீர்கள், உடம்பே சிக்னலை மறைக்கும். முதுகுப்பையின் மேல் அறை நல்லது. காரில் டேஷ்போர்டின் மேல் வையுங்கள். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள வெப்பத் தடுப்பு ஃபிலிம் இருந்தால் சிக்னல் குறையும். அப்படிப்பட்ட காருக்குத்தான் வெளி ஆன்டெனா உண்மையில் தேவைப்படுகிறது.

பல பேருக்கு இந்தப் படியே போதும். நாகர்கோவிலில் வடசேரி, கோட்டாறு, செட்டிகுளம் சுற்றி வந்தாலே கிடைக்கும் தரவு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு இருக்கும்.

படி 2: ஜிபிஎஸ்

ரூட்டர் இருக்கும் இடம் நமக்கு நேரடியாகத் தெரியாது. நாம் எங்கே நின்று கேட்டோம், எவ்வளவு பலமாகக் கேட்டோம் என்பதிலிருந்துதான் அதைக் கணிக்கிறோம். நம் இடமே தப்பாக இருந்தால் எவ்வளவு நல்ல ஆன்டெனா இருந்தும் பயனில்லை. அதனால் ஃபோன் போதாது என்று லினக்ஸ் ஓடும் லேப்டாப்புக்கு மாறும்போது நான் முதலில் காசு செலவழிக்கச் சொல்வது ஜிபிஎஸ்ஸுக்கு.

யூ-ப்ளாக்ஸ் சிப் உள்ள யூஎஸ்பி ஜிபிஎஸ் வாங்குங்கள். லேப்டாப்பில் நேராகச் சொருகும் குட்டி வகையைவிட, கேபிளும் காந்தமும் வைத்து கார் கூரையில் ஒட்டும் வகை மேல். ரப்பர் மரங்களுக்கு அடியில், அதுவும் மழையில் இலை நனைந்திருக்கும்போது, செயற்கைக்கோள் சிக்னல் பலவீனமாகத்தான் வரும். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்கு அடியில் போனால் வானத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும். சிக்னல் எதிரொலித்து வருவதால் நாம் பக்கத்துத் தெருவில் இருப்பதாகக் கூடக் காட்டும். மேலே போனாலும் கீழே போனாலும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒன்றுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். விகிள் ஆப் தரும் சிஎஸ்வி கோப்பில் (அட்டவணைக் கோப்பு) இடத்தின் துல்லியத்தை மீட்டரில் சொல்லும் ஒரு நெடுவரிசை உண்டு. 30 மீட்டருக்கு மேல் காட்டும் வரிகளைப் பிறகு நீக்கிவிடலாம்.

கிளம்பும் முன் திறந்தவெளியில் சற்று நிறுத்தி, இடம் உறுதியானதும் நகருங்கள். ஒரு செயற்கைக்கோள் தன் பாதைத் தகவலை 30 நொடிக்கு ஒரு முறைதான் முழுதாக அனுப்புகிறது.

படி 3: அடாப்டர்

எதிலும் இணையாமல் சுற்றியுள்ள சிக்னலைக் கேட்க மட்டும் செய்யும் நிலைக்கு மானிட்டர் மோடு என்று பெயர். லேப்டாப்பில் உள்ள வைஃபை பல நேரம் அதற்கு ஒத்துழைக்காது. ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் உள் வைஃபையும் அப்படித்தான். தனி யூஎஸ்பி அடாப்டர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன சிப் என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் என்றால் ஏஆர்9271, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டுக்கும் (அலைவரிசைப் பகுதி) என்றால் எம்டி7612யூ. இரண்டுக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. தனி டிரைவரைத் தேடித் தொகுக்க வேண்டிய சிப்கள் புதியவர்களுக்கு வேண்டாம், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் அவை படுத்திவிடும்.

இரண்டு பேண்டும் பிடிக்கும் ஒரே அடாப்டர் போதுமா? ஒரு ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் கேட்கும். 2.4இல் 13 சேனல், 5இல் 25 சேனல். நொடிக்கு ஐந்து சேனல் மாறினாலும் ஒரு சுற்று முடிய ஏழரை நொடிக்கு மேல் ஆகும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அது எண்பது மீட்டருக்கு மேல். 2.4க்கு ஒன்று, 5க்கு ஒன்று என இரண்டு அடாப்டர் வைத்தால் 2.4இல் ஒரு சுற்று மூன்று நொடிக்குள் முடியும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கிராமப்புறச் சாலைகளில் அதை 2.4இல் மட்டும் ஓட விடுங்கள். சுவரையும் மரத்தையும் தாண்டி சாலை வரை வருவது பெரும்பாலும் அதுதான்.

அடாப்டரை யூஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் சொருக வேண்டாம். அந்தப் போர்ட்டே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ஒரு நீட்டிப்பு கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

படி 4: ஆன்டெனா

ஆன்டெனாவின் டெசிபல் எண் (டிபிஐ) பெரிதாக இருந்தால் எல்லாத் திசையிலும் கூடுதலாகக் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். சுற்றிலும் கேட்கும் ஓம்னி ஆன்டெனாவில் எண் கூடக் கூட, கேட்கும் பரப்பு தோசைபோலத் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் தூரம் கூடும், மேலும் கீழும் குறையும். திற்பரப்பு, பேச்சிப்பாறை சாலைகளில் வீடுகள் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் இருக்கின்றன. அங்கே 9 டிபிஐ ஆன்டெனாவைவிட 5 டிபிஐ ஆன்டெனாதான் அதிகம் பிடிக்கும். தோவாளை, ஆரல்வாய்மொழி போன்ற திறந்த வெளிகளில் 9 வைத்துப் பார்க்கலாம்.

ஆன்டெனா கேபிள் குட்டையாக இருக்கட்டும். மெல்லிய கேபிள் நீண்டால் சிக்னலை அதுவே தின்றுவிடும். வாங்குமுன் இணைப்பு எஸ்எம்ஏவா, ஆர்பி-எஸ்எம்ஏவா என்று பாருங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், திருகவும் செய்யும், ஆனால் நடு ஊசி சேராது. கடலோரம் போய்வந்தால் இணைப்புகளை உலர்ந்த துணியால் துடையுங்கள், உப்பு படிந்தால் பச்சைப் பூஞ்சைபோல ஏறும்.

படி 5: மென்பொருள்

லினக்ஸில், வைஃபையைக் கேட்டுப் பதிவுசெய்யும் கிஸ்மெட் என்ற மென்பொருள். பழைய விளக்கங்களில் வரும் நெட்ஸ்டம்ப்ளரை விட்டுவிடுங்கள், அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. உங்கள் லினக்ஸ் பதிப்போடு வரும் கிஸ்மெட் பழசாக இருக்கலாம், அதனால் கிஸ்மெட் தளம் தரும் தொகுப்பையே நிறுவுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு ஜிபிஎஸ்டி என்ற நிரலையும் நிறுவி கிஸ்மெட்டோடு இணைக்க வேண்டும். அதே கணினியின் பிரவுசரில் 2501 போர்ட்டைத் (localhost:2501) திறந்தால் எல்லாம் ஓடுவது தெரியும்.

கிஸ்மெட்டை வார்டிரைவ் அமைப்பில் தொடங்குங்கள், இதில் சமரசம் வேண்டாம். அந்த அமைப்பில் பாக்கெட்டுகள் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகள்) சேமிக்கப்படாது, ரூட்டர்களின் விவரம் மட்டும் பதிவாகும். தன் ஸ்ட்ரீட் வியூ கார்கள் கடவுச்சொல் இல்லாத நெட்வொர்க்குகளில் போய்க்கொண்டிருந்த தரவையும் சேர்த்துப் பதிவுசெய்துவிட்டன என்று 2010இல் கூகுள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பல நாடுகளில் விசாரணை நடந்தது. நமக்கு அந்தத் தரவு எதுவும் தேவையில்லை, அதனால் பதிவாகவே கூடாது.

ராஸ்ப்பெர்ரி பை 4 வைத்தால் 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். காரோடு வரும் யூஎஸ்பி போர்ட் பெரும்பாலும் அவ்வளவு தராது. பாதி வழியில் பை அணைந்து கோப்பு கெடலாம்.

படி 6: ஓட்டம், அப்புறம் வரைபடம்

ஓட்டுபவர் திரையைத் தொடக் கூடாது. தொடங்கிவிட்டு மறந்துவிடுங்கள், அல்லது பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். ஒரே சாலையைப் போகும்போதும் வரும்போதும் பதிவுசெய்து, இணைத் தெருவிலும் ஒரு முறை போனால் ரூட்டர் இடத்தின் கணிப்பு நன்றாகத் திருந்தும். காவல் நிலையம், பாதுகாப்பு வளாகம் பக்கம் ஆன்டெனாவோடு வண்டியை நிறுத்திக் காத்திருக்காதீர்கள். யாராவது கேட்டால் திரையைக் காட்டி விளக்குங்கள்.

கிஸ்மெட் கோப்பை அதனோடு வரும் கருவியால் விகிள் சிஎஸ்வியாக மாற்றி, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் வரைபடம் தயார். பாதுகாப்பு வகைக்கு ஒரு நிறம் கொடுத்தால், எந்தத் தெருவில் இன்னும் திறந்த ரூட்டர்கள் அதிகம் என்று ஒரே பார்வையில் தெரியும். உங்கள் வீட்டுத் தெருவில் தொடங்கி அங்கேயே முடித்திருந்தால், விகிள் தளத்தில் பதிவேற்றும் முன் அந்த வரிகளை நீக்குங்கள். நீங்களே வெளியிடும் படத்தில் நெட்வொர்க் பெயரும் மேக் முகவரியும் வேண்டாம். வீட்டுப் பெயரையும் ஃபோன் எண்ணையும் வைஃபைக்கு வைப்பவர்கள் நிறைய. தெருவாரியாக எண்ணிக்கை காட்டினாலே போதும். தங்கள் ரூட்டர் கூகுளின் இருப்பிடச் சேவையில் இடம்பெற வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் ஆங்கில எழுத்தில் நோமேப் என்றும் (_nomap) சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள்.