அதிகம் கத்துகிறவருக்கு முதலில் கட்டாதீர்கள்: வீட்டுக் கடனிலும் கார்டு கடனிலும் சிக்கிய குடும்பங்கள் செய்யும் தவறுகள்

மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஜிஎஸ்டி காகிதம் கொடுக்க வருகிறவர்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, பையின் அடியில் இருந்து இன்னொரு கட்டை எடுத்து மேசையில் வைப்பார்கள். வீட்டுக் கடன் பாஸ்புக், மூன்று நான்கு கிரெடிட் கார்டு பில், சில சமயம் ரப்பர் பேண்டு போட்ட அடகுச் சீட்டு. "அண்ணே, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." எங்கள் வீடும் ஒரு காலத்தில் இந்த வழியாக வந்ததுதான். அதனால் காகிதத்தைப் பிரிக்கும் முன்பே என்ன நடந்திருக்கும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

செலவைக் குறையுங்கள், வரவு செலவு எழுதுங்கள், கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். விவரமானவர்களும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கார்டு வட்டியை ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்காதது

நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவோம். நூற்றுக்கு இரண்டு என்றால் ரெண்டு வட்டி. மூன்று வட்டி என்றாலே யோசிப்போம், நான்கு வட்டி என்றால் அந்தப் பக்கமே போக மாட்டோம். கார்டு பில்லில் மாதம் மூன்றரை சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டையும் சேர்த்தால் நான்கு வட்டியைத் தாண்டுகிறது. சந்தையில் வாங்கப் பயப்படும் வட்டிக்கு, பிளாஸ்டிக் அட்டையில் யோசிக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிடக் கண்ணில் படாத ஒன்று உண்டு. முந்தைய பில்லில் பாக்கி வைத்திருந்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். "பழைய பாக்கியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுறோமே" என்று சொல்லிக்கொண்டே பாலுக்கும் மளிகைக்கும் அதே கார்டைத் தேய்ப்பவர்கள், அரிசிக்கும் பருப்புக்கும் நான்கு வட்டி கொடுக்கிறார்கள். கடனை அடைக்கத் தொடங்கும் நாளில் கார்டு பர்ஸில் இருக்கக் கூடாது.

அதிகம் கத்துகிறவருக்கு முதலில் கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாத கோபம் இந்த ஒரு தவற்றின் மேல்தான். நல்ல சம்பளம் வாங்குகிற, கணக்குத் தெரிந்த குடும்பங்களே இதில் வீட்டை இழக்கும் நிலைக்குப் போகின்றன.

ஆனையூர் பக்கம் ஒரு தம்பதி. அவர் உதிரிபாகக் கடையில் மேலாளர், அவர் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு சம்பளமும் சேர்த்து 50,000 ரூபாய். வீட்டுக் கடன் 25 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 21,700. நான்கு கார்டுகளில் மொத்தப் பாக்கி 4,80,000. குறைந்தபட்சத் தொகையாக ஐந்து சதவீதம் கட்டினாலே மாதம் 24,000. இரண்டையும் கட்டினால் வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது 4,300 ரூபாய். அதில் குடும்பம் நடத்த முடியாது. ஏதோ ஒன்றை விட்டாக வேண்டும்.

எதை விட்டார்கள்? வீட்டுத் தவணையை.

காரணம் எளிது. கார்டுக்காரர்கள் காலையில் தொடங்கி நாள் முழுக்க போன் செய்தார்கள். பள்ளியில் வகுப்பு நடக்கும்போது போன். கடை முதலாளியின் எண்ணுக்குப் போன். "வாரண்ட் வரும்" என்று ஒருவர், "தெருவில் வந்து நிற்போம்" என்று இன்னொருவர். வீட்டுக் கடன் கொடுத்த வங்கியோ ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதத்தில் கார்டுகளுக்குப் போனது 72,000 ரூபாய். நான்கு பில்லையும் வரிசையாக வைத்து, வட்டித் தொகையையும் ஜிஎஸ்டி தொகையையும் பென்சிலால் கோடிட்டுக் கூட்டிக் காட்டினேன். மாதம் 16,800 வட்டி, அதன் மேல் 3,024 ஜிஎஸ்டி. 24,000 கட்டினால் அசலில் குறைவது 4,176 மட்டும். மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சுமார் 12,500. அதற்குள் மளிகைக்குக் கார்டைத் தேய்த்ததில் அதுவும் போயிருந்தது. அந்த அம்மா பென்சிலை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கம் வீட்டுக் கடன் 90 நாள் பாக்கி ஆனதும் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விட்டது. அப்புறம் வந்தது பதிவுத் தபால். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் 13(2) பிரிவின் கீழ் வரும் நோட்டீஸ் அது. 60 நாளுக்குள் முழுக் கடனையும் கட்டு என்று இருக்கும். பாக்கித் தவணையை மட்டும் கேட்காது. அந்தக் கெடு முடிந்தால், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கையில் இறங்கலாம். இவர்கள் தபாலை வாங்கவே இல்லை. வாங்காவிட்டால் வராத மாதிரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவார்கள், பத்திரிகையில் போடுவார்கள். 60 நாள் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கார்டு கடனுக்கு ஈடு எதுவும் இல்லை. கட்டாவிட்டால் அபராதம் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழும், வங்கி சிவில் வழக்குப் போடலாம். இதெல்லாம் கஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கார்டு பாக்கிக்காக மட்டும் போலீஸ் வந்து யாரையும் பிடித்துக்கொண்டு போகாது. வீட்டுக் கடனுக்கு ஈடு உங்கள் வீடே. எதைக் கட்டத் தவறினால் எதை இழப்போம் என்று பார்த்துத்தான் கட்டும் வரிசையைப் போட வேண்டும். முதலில் அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம், மின்சாரம். அடுத்து வீட்டுத் தவணை. மிச்சம் இருப்பதுதான் கார்டுகளுக்கு, அதிலும் அதிக வட்டி உள்ள கார்டுக்கு முதலில். கத்துகிறவர் எவ்வளவு கத்தினாலும் இந்த வரிசை மாறக் கூடாது.

கத்துவதற்கும் வரம்பு உண்டு. கடன் வசூலிக்கும் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. போன் வந்த தேதி, நேரம், எண், பேசியது எல்லாவற்றையும் நோட்டில் குறித்து, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. அந்த ஆசிரியை எழுதிய புகாரில் 11 தேதிகள் இருந்தன. அதன் பிறகு பள்ளிக்குப் போன் வரவில்லை.

வீட்டை எப்படி மீட்டார்கள்? வீட்டில் இருந்த தங்க ஆரத்தை, நகைக்கடைகள் உள்ள தெற்காவணி மூல வீதியில் விற்றார்கள். அதிலும் ஒரு தப்புக் கணக்கு போடவிருந்தார்கள். ஒரு தவணையைக் கட்டிவிட்டு, மிச்சப் பணத்தைக் கார்டில் போடலாம் என்று. வாராக்கடன் ஆன கணக்கு, பாக்கி முழுவதையும் கட்டினால்தான் மறுபடி சாதாரணக் கணக்காகும். ஒரு தவணை, இரண்டு தவணை கட்டுவது உதவாது. மொத்தப் பாக்கியையும் அபராதத்தோடு கட்டச் சொன்னேன். கூடவே வங்கிக்கு எழுத்தில் ஒரு மனு. 13(2) நோட்டீஸுக்கு நீங்கள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதையும் தாண்டிச் சுவாதீனம் எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அதற்குச் சென்னைக்கு ஓட வேண்டாம், மதுரையிலேயே இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

நோட்டீஸ் வரை போகாமல் இருப்பதுதான் நல்லது. முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்த வாரமே கிளைக்கு நேரில் போய், கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில்

கார்டு பாக்கிக்காகச் சம்பளத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் உரிமையை வங்கிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும். சம்பளமும் வீட்டுத் தவணையும் ஓடும் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுங்கள்.

மாடியை ஒத்திக்கு விடுவது

நம் ஊரில் பணமுடை வந்தால் முதலில் வரும் யோசனை இது. மாடியை மூன்று வருட ஒத்திக்கு விட்டு, நான்கு லட்சம் வாங்கிக் கார்டுகளை அடைத்துவிடலாம். வாடகை வராது, ஆனால் மொத்தமாகப் பணம் கிடைக்குமே என்பார்கள். மூன்று வருடம் கழித்து அந்த நான்கு லட்சத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கி இவருக்குக் கொடுப்போம் என்பதுதான் எப்போதும் வரும் பதில். ஆள் உடனே கிடைக்காவிட்டால் அந்த இடைவெளியை மீட்டர் வட்டி நிரப்பும்.

வங்கியில் அடமானம் இருக்கும் வீட்டை, வங்கிக்குத் தெரியாமல் ஒத்திக்கு விட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகும். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்து அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டமே தடுக்கிறது. ஒத்திக்கு வந்தவர் பெரும்பாலும் உங்களைவிட ஏழை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கொடுத்திருப்பார். வீடு ஏலத்துக்குப் போனால் அவருடைய பணமும் நடுத்தெருவில் நிற்கும். மாடி காலியாக இருந்தால் வங்கியிடம் சொல்லிவிட்டு மாத வாடகைக்கு விடுங்கள்.

கார்டு கடனை வீட்டின் மேல் ஏற்றுவது

வீட்டுக் கடனில் டாப்-அப், அதாவது அதே வீட்டின் மேல் கூடுதல் கடன், வாங்கிக் கார்டை அடைப்பது கணக்கில் லாபம்தான். கார்டின் வருட வட்டி 42 சதவீதம் போய் 9, 10 சதவீதம் வருகிறது. ஆனால் ஈடு இல்லாத கடனை நீங்களே வீட்டின் தலையில் வைக்கிறீர்கள். நான்கு கார்டையும் மூடிய கடிதம் கைக்கு வருவதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். கார்டுகளை வைத்துக்கொண்டு டாப்-அப் வாங்கிய வீடுகளில், காலியான கார்டுகள் மறுபடி நிரம்பியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தவணைக் காலத்தை நீட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது

மேலே சொன்ன 25 லட்சத்தை 20 வருடத்தில் இருந்து 25 வருடமாக ஆக்கினால் தவணை 1,600 ரூபாய்கூடக் குறையாது. மொத்தமாகக் கட்டுவது 8 லட்சத்துக்கு மேல் கூடும். மூச்சு முட்டும் நேரத்தில் நீட்டலாம், தப்பில்லை. கார்டுகள் முடிந்ததும் கூடுதலாகக் கட்டி அசலைக் குறைத்துவிடுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

மீட்டர் வட்டி

எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

கடனை அடைக்க விசேஷம் வைப்பது

உசிலம்பட்டிப் பக்கம் மட்டும் இல்லை, நகரத்துக்குள்ளும் இது நடக்கிறது. காதுகுத்து வைத்தால் மொய் வரும், அதைக் கார்டில் கட்டிவிடலாம் என்று. மண்டபம், பந்தி, பிளக்ஸ் எல்லாம் போக மிஞ்சுவது நினைத்ததில் பாதிகூட இருக்காது. வந்த மொய் ஒவ்வொன்றும் நோட்டில் எழுதிய கடன், போட்டவர் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் செய்முறைக் கடமைகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். தாய்மாமன் சீருக்காகக் கார்டைத் தேய்த்து நகை வாங்கிய ஒருவரிடம், அக்காவிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் போனார். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேனேடா" என்று அக்கா அழுதிருக்கிறார். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள். பாதிச் சீர் அங்கேயே குறைந்துவிடும்.

மனைவியிடம் மறைப்பது, கணவனிடம் மறைப்பது

இருவரும் வராமல் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

வாய்ப்பேச்சில் செட்டில்மென்ட்

"ஒரு லட்சத்துக்கு நாற்பதாயிரம் கட்டுங்க, முடிச்சிடலாம்" என்று போனில் சொன்னதை நம்பி, அந்த ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். வங்கியின் கடிதத்தாளில், தொகையும் கடைசித் தேதியும் மீதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்ற வாசகமும் வந்த பிறகுதான் பணம், அதுவும் கார்டு கணக்குக்கே நேராக. இப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று நிற்கும், அடுத்த கடன் வாங்குவது சில வருடங்களுக்குச் சிரமம். இந்த நிலைமையில் உள்ள குடும்பத்துக்கு அது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் கருத்து.

கார்டை வெட்டிப்போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பது

கத்தரிக்கோலால் வெட்டினால் கார்டு கணக்கு மூடாது. வருடக் கட்டணம் விழும், அதற்கு வட்டி ஏறும், இரண்டு வருடம் கழித்து மறுபடி போன் வரும். பாக்கியைத் தீர்த்த அன்றே மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டுக் கடன் முடிந்தால் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். பத்திரம் கைக்கு வந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து, அதற்கடுத்த வாரம் வில்லங்கச் சான்று போட்டு, அந்த அடமானம் தீர்ந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.