பேட்டியில் எதிரே இருப்பவர் அழுதால்…

கழிவுநீர்க் குழியில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களின் குடும்பங்களை ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். கேள்விப் பட்டியலை கைடு பத்து தடவை திருத்தியிருப்பார், எதிரே இருப்பவர் அழுதால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார். எனக்கும் யாரும் சொல்லவில்லை. முதல் பேட்டியில் ஒரு அம்மா, கணவரின் செருப்பு குழி ஓரத்திலேயே கிடந்தது என்று சொல்லிவிட்டு நிறுத்தினார், நான் பதறிப்போய் "பசங்க எத்தனாவது படிக்கிறாங்க?" என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். அந்த ஒலிப்பதிவை இன்றும் என்னால் முழுதாகக் கேட்க முடியாது.

அழுதால் சும்மா உட்காருங்கள். "கவலைப்படாதீங்க" என்பதெல்லாம் பெரும்பாலும் நம் சங்கடத்துக்கு நாமே போட்டுக்கொள்ளும் மருந்து. கொஞ்சம் பொறுத்து ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, "இன்னொரு நாள் வரட்டுமாம்மா?" என்று கேளுங்கள். உங்கள் கண் கலங்கினாலும் தப்பில்லை, அவர் உங்களைத் தேற்றும்படி ஆகாமல் இருந்தால் சரி.

அழுகையைவிடப் படுத்துவது குற்ற உணர்வு. டீ கொடுத்துவிட்டு "இதனால எங்களுக்கு என்னப்பா ஆகும்?" என்பார்கள். ஆய்வால் உடனே எதுவும் ஆகாது என்று உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி இலவசமாகக் கேட்கலாம். இதைப் பேட்டி முடிந்தபிறகு நிதானமாகச் சொல்லுங்கள்.

கோபமும் வரும். "அவனேதான் குடிச்சிட்டு இறங்கினான்" என்பார் காண்ட்ராக்டர். சண்டைக்குப் போகாமல் "அன்னைக்குக் காலையிலேருந்து சொல்லுங்க" என்று கேட்டால், இறங்கச் சொன்னது யார் என்று அவர் வாயாலேயே வர வாய்ப்புண்டு.

அப்புறம், இரண்டு நோட்டு. ஒன்றில் பார்த்தது, கேட்டது. மற்றதில் உங்கள் கோபம், வெட்கம், பயம். மானுடவியலாளர் மலினோவ்ஸ்கியே களத்தில் எரிச்சலையும் சலிப்பையும் தனி நாட்குறிப்பில்தான் கொட்டினார், அவர் இறந்து 25 வருடம் கழித்து, 1967-ல் அது வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். எந்த இடத்தில் கேள்வியை விழுங்கினோம் என்பது இரண்டாவது நோட்டில்தான் தெரியும்.

ஒலிப்பதிவை எழுத்தாக்குவதை ராத்திரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும், அதே அழுகையைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பேட்டி, மிஞ்சினால் இரண்டு. தூக்கம் கெட்டுக்கொண்டே போனால் 14416-க்குப் பேசுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.