பெட் பாட்டிலில் பூக்கம்மல்

அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் உள்ள, பெட் (PET) என்ற பிளாஸ்டிக்காலான பாட்டிலை மட்டும் எடுங்கள். 3 என்றிருந்தால் அது பி.வி.சி.; சூடானால் நச்சுப்புகை விடும், தொடவே வேண்டாம்.

லேபிளையும் பசையையும் நீக்கி, கழுவி நன்றாகக் காயவையுங்கள். வழவழப்பான நடுப்பகுதியில் 4 செ.மீ. அகலத்தில் ஐந்திதழ்ப் பூக்கள் வெட்டுங்கள், ஒரு கம்மலுக்கு இரண்டு. சூட்டில் இவை சுருங்கும் என்பதால் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வெட்டவேண்டும்.

சூடு காட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில், இடுக்கியால் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடரைத் தொடாமல் ஓரிரு நொடி காட்டி எடுங்கள். இதழ் தானாக வளையும். போதவில்லையென்றால் மீண்டும் காட்டலாம். ஒரேயடியாகப் பிடித்தால் வெண்மை படர்ந்து நொறுங்கும். சுடர் பட்டால் கரி ஒட்டும். வெட்டிய முனைகளும் இதே சூட்டில் மழுங்கிவிடும், காதை உறுத்தாது.

கம்பிக்கு நடுவிலும் கொக்கிக்கு ஓர் இதழிலுமாகத் துளைகளைக் கடைசியில், பழுக்கக் காய்ச்சிய ஊசியால் போடுங்கள். முதலிலேயே போட்டால் சூட்டில் கோணலாகும். இதழிலுள்ள துளை விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே இருக்கட்டும், இல்லாவிட்டால் கிழியும்.

அக்ரிலிக் வண்ணம் பூசுவதானால் 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வழவழப்பில் வண்ணம் பிடிக்காது, உரிந்துவிடும். பிறகு இரண்டு பூக்களையும் அடுக்கி, நடுவே மணி கோத்த கம்பியால் முறுக்கி, காதுக்கொக்கியை மாட்டுங்கள்.