கையில் காசில்லை என்று ஸ்பானிஷில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்களின் பயிற்சித் தாள்களைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய தாள்களையே பார்ப்பது போல இருக்கிறது. எழுத்துப்பிழையை விடுங்கள், அது தானாகச் சரியாகும். மற்றவை ஆகாது.

'ஸேர்' போடும் இடமா இது?

'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள்: ஆளின் இயல்பைச் சொல்ல 'ஸேர்', இப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தார்'. 'நான்' என்று சொல்லும்போது இவை 'ஸோய்', 'எஸ்தோய்' ஆகிவிடும். முதல் மாதப் பாடம். காசில்லாமை சம்பளம் வந்தால் போய்விடும், அதனால் 'எஸ்தோய் பெலாதோ': தோலை உரித்த மாதிரி, கையில் ஒன்றுமில்லை. இதையே 'ஸோய் பெலாதோ' என்றால் அர்ஜென்டினாவில் நீங்கள் வழுக்கைத் தலை. மெக்சிகோவில் இன்னும் மோசம், அங்கே பெலாதோ என்பது வாய் நாறப் பேசும், மரியாதை தெரியாத ஆளுக்குப் பெயர்.

மெக்சிகோ நகரத்தில் வாடகைக்கு ஒரு வாரம் தவணை கேட்கப்போய், வீட்டுக்கார அம்மாவிடம் நான் சொன்னது அதைத்தான். துடைத்துக்கொண்டிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். தவணை கிடைக்கவில்லை, அன்று மாலையே கைமாற்று வாங்கிக் கட்டினேன். இங்கே 'ஆந்தோ புரூஹா' என்றுதான் சொல்வோம் என்று அப்புறம் அவர் மகள் சொல்லிக்கொடுத்தாள். காதில் நம் 'அந்தோ' போலவே விழும், பொருத்தமாகவும் இருக்கும்.

ஆந்தோ என்றால் 'திரிகிறேன்', புரூஹா என்றால் சூனியக்காரி. ஆனாலும் ஆண்களும் 'ஆந்தோ புரூஹா' என்றே சொல்வார்கள், ஆண்பாலாக்குகிறேன் என்று 'புரூஹோ' போடாதீர்கள். போன வாரம் ஒரு மாணவி 'ஸோய் புரூஹா' என்று எழுதியிருந்தார், அதாவது 'நான் சூனியக்காரி'. தேர்வில் இந்த இரண்டு வினைகளையும் பிசகாமல் எழுதுகிறவர்கள் கொச்சைச் சொல் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்களே, எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லா நாட்டுக்கும் ஒரே சொல்

பணத்துக்கு ஸ்பெயினில் 'பாஸ்தா', மெக்சிகோவில் 'லானா', அதாவது கம்பளி. தென்னமெரிக்காவில் பரவலாக 'பிளாத்தா', அதாவது வெள்ளி. மலேசியத் தமிழர்கள் பணத்தை வெள்ளி என்பார்களே, அதே போக்கு.

தூரோவைக் கணக்குப் போடுவது

'நோ தெங்கோ உன் தூரோ' என்று ஸ்பெயின்காரர் சொன்னால் 'சல்லிக்காசு இல்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூரோ என்பது 5 பெசெத்தா நாணயம். 2002-இல் யூரோ கைக்கு வந்து பெசெத்தா போய்விட்டது, தூரோ பேச்சில் தங்கிவிட்டது. முன்னால் வரும் 'நோ'வை விழுங்கினால் அர்த்தமே தலைகீழ்.

லூக்கா, பாலோ குழப்பம்

அர்ஜென்டினாவில் லூக்கா ஆயிரம் பெசோ, பாலோ பத்து லட்சம். விலை பேசும் முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.