பெங்களூரில் வீடு விற்கிறீர்களா? பெயின்டரைக் கடைசியாகக் கூப்பிடுங்கள்

வீட்டை விற்பதென்று முடிவானதும் முதல் போன் பெயின்டருக்குத்தான் போகிறது. பெயின்ட் அடிப்பதில் தப்பில்லை. ஆனால் அது கடைசியில் வரவேண்டிய வேலை. வாங்க வருகிறவர் வீட்டை ரசிக்க வருவதில்லை, விலையைக் குறைக்கக் காரணம் தேடி வருகிறார். எதையோ மூடி மறைத்திருக்கிறார்கள் என்று ஒரு இடத்தில் தோன்றிவிட்டால், நன்றாக இருக்கிற மற்ற இடங்களையும் அவர் நம்பமாட்டார்.

ராமமூர்த்தி நகர், பானஸ்வாடி பக்கம் இருபது முப்பது வருடங்களுக்கு முன், 30க்கு 40 அடி சைட்டில் (மனையில்) கட்டிய வீடுகளைப் பாருங்கள். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளித்திருக்கும். விரலால் தேய்த்தால் வெள்ளையாக உப்பு உதிரும். இதன்மேல் பட்டி தடவிப் பெயின்ட் அடித்தால் சில வாரம் பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு மழை போதும், அதே இடத்தில் மறுபடி கொப்புளம். பெங்களூரில் ஏப்ரல் மே கோடை மழையில் தொடங்கி அக்டோபர் வரை ஈரம் விடாது. வாங்குகிறவரும் தனியாக வருவதில்லை. ஒரு மாமாவையோ தெரிந்த மேஸ்திரியையோ கூட்டி வருவார். அந்த மனிதர் ஹாலைப் பார்க்கமாட்டார், நேராகப் போய்ச் சுவரைத் தட்டுவார். பழைய பெயின்ட் வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசாக இருந்தால் அவருக்கு அதுவே போதும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பாத்ரூம் வடிகாலைத் துணி வைத்து அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். அந்தப் பக்கச் சுவரில் ஈரம் ஏறினால் டைல்ஸ் இடுக்கோ, அடியில் போகும் குழாயோதான் காரணம். மாடிச் சுவரில் கறை என்றால் மொட்டை மாடி வாட்டத்தையும், இலை அடைத்த மழைநீர்க் குழாயையும் பாருங்கள். சரி செய்த பிறகு சுவர் நன்றாகக் காய்வதற்குச் சில வாரங்கள் விடுங்கள், அப்புறம்தான் பட்டி. செலவு கட்டுப்படியாகவில்லையா? இருக்கிறதைச் சொல்லி விலையில் கழித்துவிடுங்கள். உள்ளதைச் சொன்னவரிடம் பேரம் பேசுகிறவர்களும் ஒரு அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்தது குடிநீர். 2024 கோடையில் ஊரெங்கும் போர்வெல் வற்றி டேங்கருக்கு அலைந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போது வீடு பார்க்க வருகிறவர்கள் "காவேரி கனெக்‌ஷன் இருக்கா, வாரத்துல எத்தனை நாள் வருது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காட்டுகிற அன்றைக்கு டேங்கர் வரவழைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு "தண்ணிக்குப் பஞ்சமே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் கதை முடிந்தது. அதைவிட சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, மூடியைத் திறந்து காட்டுங்கள். தண்ணீர் பில்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள். காவேரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது புறநகரின் 110 கிராமங்களுக்காக. உங்கள் வீடு அந்தப் பகுதியில் இருந்து கனெக்‌ஷனும் வாங்கியிருந்தால், அதை நீங்களே முதலில் சொல்லுங்கள். எந்த இன்டீரியரைவிடவும் அது பெரிய விஷயம்.

விற்பதற்கு முன் லட்சக்கணக்கில் மாடுலர் கிச்சன் போடுவது எனக்குப் புரியாத ஒன்று. இந்திராநகர், அல்சூர் மாதிரி இடங்களில் பழைய தனி வீட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் சைட்டுக்குத்தான் விலை கொடுக்கிறார். இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப் போகிறவருக்கு உங்கள் கிச்சன் எதற்கு? அபார்ட்மென்ட் என்றால் கதை வேறு. அங்கே குடிவரப் போகிறவர்தான் வாங்குகிறார், பாத்ரூமும் அடுப்படியும் அவர் கண்ணில் படும். அங்கேயும் சொட்டுகிற குழாய், சிங்க்கின் அடியில் கரப்பான், எண்ணெய் படிந்த எக்ஸாஸ்ட் ஃபேன், இவற்றைச் சரி செய்தாலே போதும்.

குடும்பப் படங்களையெல்லாம் கழற்றிவிடச் சொல்லும் வெளிநாட்டு வீடியோக்களை நம்பாதீர்கள். பூஜை அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர் இங்கே அபூர்வம். எடுக்க வேண்டியது வாசலில் குவிந்த செருப்பு, பால்கனிக் கொடியில் தொங்கும் துணி, தரையை மறைத்து நிற்கும் மூன்றாவது பீரோ. ரூம் ஃப்ரெஷ்னர் அடிக்காதீர்கள், எதன் வாசனையை மறைக்கிறார்கள் என்றே யோசிப்பார்கள். கருவாட்டுக் குழம்பை மறுநாளைக்குத் தள்ளிப் போட்டால் போதும். காலை வெளிச்சத்தில் காட்டுங்கள்.

வாடகைக்கு ஆள் இருக்கிற வீட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் காட்டப் போவது இன்னொரு தவறு. கடுப்பில் இருக்கும் குடித்தனக்காரர் வீட்டின் குறையெல்லாம் வரிசையாக ஒப்பிப்பார். லீஸுக்கு விட்டிருந்தால் இன்னும் சிக்கல். மொத்தமாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அவர் காலி செய்வார். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே யோசித்து வையுங்கள்.

கடைசியாகக் காகிதம். பெங்களூரில் 2024 அக்டோபரிலிருந்து இ-கத்தா, அதாவது மாநகராட்சிச் சொத்துப் பதிவேட்டின் டிஜிட்டல் சான்று, இல்லாமல் பத்திரப் பதிவு நடப்பதில்லை. நம் தமிழ் ஆட்களுக்கு இதில் இனிஷியல் தலைவலி தனி. பத்திரத்தில் ஒற்றை எழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் அதுவே அப்பா பெயராக விரிந்து பின்னால் நிற்கும், வரி ரசீதில் கன்னடத்தில் வேறு எழுத்துக்கூட்டு. இந்தத் திருத்தங்களுக்கு நாள் பிடிக்கும். ஆள் கிடைத்தபின் ஓடினால் அவர் வேறு வீடு பார்த்துவிடுவார். பி கத்தா (முறையான அனுமதி முழுமையாக இல்லாத சொத்துக்குத் தருவது) என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள், பல வங்கிகள் அதற்குக் கடன் தரத் தயங்கும். வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்து அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் அக்கா தங்கைகளின் கையெழுத்தும் வேண்டும். வேலூரிலோ தர்மபுரியிலோ இருக்கிற அவர்களிடம் விலையையும் பங்கையும் பேசி முடித்த பிறகு புரோக்கரிடம் சாவியைக் கொடுங்கள்.