பழைய ‘மேன் மிஸ்ஸிங்’ கோப்பைத் திறப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். காணாமல் போனவர்களைத் தேடும் தன்னார்வக் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர். 1998இல் காணாமல் போன ஒருவருடைய வழக்கைக் கையில் எடுத்திருக்கிறாராம். பையிலிருந்து ஒரு சுவரொட்டி மாதிரியை எடுத்துக் காட்டினார். வண்ண அச்சு, இரண்டாயிரம் பிரதி, கோயம்பேட்டில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஒட்டத் திட்டம்.

“இதற்கு முன் எந்தெந்த ஸ்டேஷனுக்குப் போனீர்கள்?” என்று கேட்டேன்.

“புகார் கொடுத்த ஸ்டேஷனுக்குப் போனேன் ஐயா. வேறு எங்கே போக வேண்டும்?” என்றார்.

காவல்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான். அந்தத் தம்பி கேட்ட அதே கேள்வியை 1994இல் நான் என் ஏட்டையாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தெளிவான புகைப்படம் வேண்டும், புகாருக்கு ரசீது வாங்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருபது, முப்பது வருடம் ஆன வழக்கைப் போலீஸ் இன்னும் தேடுவதில் பயன் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதென்றால் பயனில்லை. அலமாரி அலமாரியாகப் போவதென்றால் உண்டு. புதிதாக வருகிறவர்கள் முதலாவதைத்தான் செய்கிறார்கள்.

ஏழு வருடம் ஆனால் தானாக இறந்தவர் ஆகிவிடுவார் என்று நம்புவது

ஏழாவது வருடம் முடிந்த மறுநாளே இறப்புச் சான்று கேட்டு அலுவலக வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 111ஆம் பிரிவு, அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள், ஏழு வருடமாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று வாதிடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அந்தப் பிரிவு சொல்வது இவ்வளவுதான். அதைச் சொல்லி நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்குவது குடும்பத்தின் வேலை.

இன்னொன்று, பலருக்குப் பணத்தில் அடி விழுவது இங்கேதான். இறந்திருக்கலாம் என்று சட்டம் அனுமானிக்கும். எந்தத் தேதியில் இறந்தார் என்று அனுமானிக்காது. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காணாமல் போன நாளிலேயே இறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு பிரீமியம் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். ஆகவே முடிந்தவரை கட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். அதோடு, ஸ்டேஷனிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலையும், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோப்புக்கும் ஆயுள் உண்டு. கரையான் எந்தப் பிரிவையும் படிப்பதில்லை.

சுவரொட்டியில் ஒரே ஒரு கைபேசி எண்

மும்பை அந்தேரியில் டி.என். நகர் காவல் நிலையத்தில் உதவி துணை ஆய்வாளராக இருந்தவர் ராஜேந்திர போஸ்லே. 2008க்கும் 2015க்கும் இடையில் அந்த எல்லையில் காணாமல் போன 166 சிறுமிகளில் 165 பேரைக் கண்டுபிடித்த பணியில் இருந்தவர். மிச்சம் ஒருத்தி, 2013 ஜனவரியில் பள்ளிக்குப் போகும் வழியில் மறைந்த ஏழு வயதுச் சிறுமி. போஸ்லே 2015இல் ஓய்வுபெற்ற பிறகும் அவள் படத்தைக் கூடவே வைத்துக்கொண்டு தேடினார்.

2022 ஆகஸ்டில் அவள் கிடைத்தாள், சொந்த வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில். அவளே உடன் வேலை செய்த ஒரு பெண்ணின் துணையோடு, இணையத்தில் தன்னுடைய பழைய சுவரொட்டியைத் தேடி எடுத்தாள். அதில் ஐந்து எண்கள் இருந்தன. நான்கு செத்துப்போயிருந்தன. வேலை செய்தது ஒன்றே ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருடையது. ஒன்பது வருடம் எண்ணை மாற்றாமல் வைத்திருந்த அந்த மனிதருக்கு யாராவது மாலை போட்டார்களா என்று தெரியவில்லை, போட்டிருக்க வேண்டும்.

தம்பியின் சுவரொட்டியில் தம்பியின் எண் மட்டும்தான் இருந்தது.

மாநிறம், நடுத்தர உடல்வாகு

எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறோம்.

சடலப் பதிவேட்டைப் பார்க்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. செய்தது நானே என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

1994இல் மேற்கு மாவட்டம் ஒன்றில் நான் இரண்டாம் நிலைக் காவலர். விசைத்தறித் தொழிலாளி ஒருவர், நாற்பது வயது, வியாழக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. சனிக்கிழமை அவர் மனைவி புகார் கொடுக்க வந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான். “வலது முன்கையில் வேல் பச்சை குத்தியிருப்பார், வேலுக்குக் கீழே அவர் அம்மா பெயரில் முதல் எழுத்து, ‘ப’ என்று இருக்கும்” என்றார். நான் எழுதியது: “வலது கையில் பச்சை குத்திய அடையாளம் உண்டு.” எழுதும்போது நல்ல சுருக்கம் என்று கூட நினைத்திருப்பேன்.

தறி முதலாளியிடம் அவர் முன்பணம் வாங்கியிருந்தார். அது தெரிந்த உடனே எங்களுக்கு வழக்கு முடிந்துவிட்டது. கடனுக்குப் பயந்து ஓடியிருக்கிறான், தறிக்காரன் தறி இருக்கிற ஊருக்குத்தான் போவான். திருப்பூர் போனேன். மகாராஷ்டிராவில் தறிகள் நிறைந்த பிவண்டி போனேன். அதற்கு ரயில் டிக்கெட் அந்தப் பெண் தோட்டை அடகு வைத்து எடுத்துக் கொடுத்தது. பிவண்டியில் பவர்லூம் ஷெட் ஷெட்டாகப் படத்தைக் காட்டி நடந்ததில் காலில் கொப்புளம். ஊர் திரும்பியதும் எஸ்.ஐ. முதுகில் தட்டிக் கொடுத்தார். அதன் பிறகு ஐந்தாறு வருடம் எங்கேயோ பார்த்தேன் என்று யாராவது சொல்ல, அந்தக் குடும்பம் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தது.

2008இல் ஒரு நகைத் திருட்டு விஷயமாக இருப்புப்பாதை காவல் நிலையம் ஒன்றுக்குப் போனேன். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரைட்டர் சாப்பிடப் போயிருந்தார். கழிக்க எடுத்து வைத்த பழைய பதிவேடுகள் பெஞ்சில் அடுக்கியிருந்தன. 1994 என்ற அட்டை கண்ணில் பட்டது; என் மகள் பிறந்த வருடம் என்பதைத் தவிர அதை எடுக்க எனக்கு வேறு காரணம் இல்லை. புரட்டினேன்.

“சுமார் 50 வயது மதிக்கத்தக்க ஆண். நீலக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளை அரைக்கைச் சட்டை. காலரில் தையல்கடை லேபிள். வலது முன்கையில் வேல், கீழே ‘ப’ எனப் பச்சை.”

ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ கொடுத்தது வெள்ளிக்கிழமை அதிகாலை. தண்டவாள ஓரம், எங்கள் ஸ்டேஷனிலிருந்து 38 கிலோமீட்டர். அந்தப் பெண் எங்கள் முன்னால் உட்கார்ந்து வேல் பச்சையையும் ‘ப’வையும் சொன்னபோது அவர் கணவர் அரசு மருத்துவமனைப் பிணவறையில் இருந்தார். யாரும் தேடி வராததால் அடுத்த வாரம் நகராட்சி மூலம் புதைத்துவிட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ரயில் பாதை எங்கள் எல்லை இல்லை. தண்டவாளத்தில் கிடக்கும் உடலுக்கு இருப்புப்பாதை போலீஸ்தான் 174 போடும், அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவில் மரண விசாரணை நடத்தும். புதிய சட்டத்தில் அது 194. காணவில்லை என்ற புகார் ஊர் ஸ்டேஷனில் இருக்கும். இரண்டு பதிவேடும் இரண்டு அலமாரியில். நடுவில் வயர்லெஸ் செய்தி ஒன்று போயிருக்கும். யாரோ பாராவில் இருந்தவர் நோட்டில் எழுதியிருப்பார். அதைப் புகாரோடு ஒப்பிட வேண்டியவர் யார் என்று கேட்டால், எல்லோரும் என்று பதில் வரும். எல்லோரும் செய்ய வேண்டிய வேலையை எவரும் செய்வதில்லை. இன்று காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கணினி வலையமைப்பு இருக்கிறது, முகத்தைப் பொருத்தும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் 1994ஆம் வருடப் பதிவேட்டை எவரும் உட்கார்ந்து ஏற்றியிருக்காவிட்டால் கணினிக்கு அது தெரியாது.

ஆகவே பழைய வழக்கை எடுத்தால் முதல் வேலை இதுதான். மறைந்த நாளிலிருந்து ஒரு மாதம். சுற்றிலும் நூறு கிலோமீட்டர். ஊர் ஸ்டேஷன்கள், இருப்புப்பாதை ஸ்டேஷன்கள், ஆறோ கால்வாயோ இருந்தால் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் உள்ள ஸ்டேஷன்கள், அரசு மருத்துவமனைப் பிணவறைப் பதிவேடு, நகராட்சி மயானப் பதிவேடு. ஸ்டேஷன் கோப்பு கழிந்துபோன இடத்தில் பிணவறைப் பதிவேடு எனக்குக் கைகொடுத்திருக்கிறது. “இப்படி ஒருவர் உண்டா?” என்று கேட்காதீர்கள், இல்லை என்பார்கள். புத்தகத்தைக் காட்டச் சொல்லி, உரிய அனுமதியோடு, நீங்களே புரட்டுங்கள். ‘மதிக்கத்தக்க’ வயதை நம்பாதீர்கள். நாற்பதை ஐம்பது என்று எழுதியிருப்பார்கள், இருபதை முப்பது என்று எழுதியிருப்பார்கள். பச்சை, தழும்பு, லேபிள், அரைஞாண் கயிறு, இவைதான் பேசும்.

செய்தி சொல்ல நானே போனேன். பதினான்கு வருடமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த பெண். இறப்புச் சான்று இல்லாததால் விதவை உதவித்தொகைக்கு மனுக்கூடப் போடாதவர். அவர் அழவில்லை. “எந்தப் பக்கம் தலை வைத்துப் புதைத்தார்கள்?” என்று மட்டும் கேட்டார். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

தாய்க்கு வயதாகிறது என்பதை மறப்பது

சுவரொட்டியை அடுத்த வருடம்கூட ஒட்டலாம். எழுபத்தெட்டு வயதுத் தாயின் ரத்த மாதிரியை அடுத்த வருடம் எடுக்க முடியுமா என்று யாருக்குத் தெரியும்? எங்கோ ஒரு எலும்பு கிடைத்தால் டி.என்.ஏ.வை ஒப்பிட, பெற்றோருடைய அல்லது பிள்ளைகளுடைய மாதிரிதான் அதிகம் உதவும். காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத சடலங்களுக்கும் தனித்தனி டி.என்.ஏ. பட்டியல் வைக்க வழிசெய்யும் மசோதா 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2023இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதனால் தேசிய அளவில் தானாகப் பொருந்தும் என்று காத்திருக்காதீர்கள். விசாரணை அதிகாரி மூலம் நீதிமன்றத்தில் கேட்டு, தாய் இருக்கும்போதே மாதிரி எடுக்கப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஃபோர்ட் வொர்த் நகரில் 1971இல் 21 மாதக் குழந்தை ஒன்றைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். 51 வருடம் கழித்து, 2022இல், குடும்பத்தினர் தங்கள் செலவில் செய்த டி.என்.ஏ. பரிசோதனை மூலம் அவரைக் கண்டுபிடித்தார்கள். அவர் வாழ்ந்ததும் பெரும்பாலும் அதே ஊர்ப் பக்கம்தான். அங்கும் அலைந்தது தூரத்தில், கிடைத்தது பக்கத்தில்.

ஒரு உபரிச் செய்தி: பழைய படங்களில் பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்றைத் தேடி வையுங்கள். மண்டையோட்டின் மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை நம் தடய அறிவியல் துறையில் நெடுங்காலமாக உண்டு. அதற்கு ஸ்டூடியோவில் வாயை இறுக்கி உட்கார்ந்த படத்தைவிடக் கல்யாண வீட்டில் சிரித்த படம் அதிகம் உதவும்.

குறி கேட்பது

குடும்பம் போனால் தடுக்காதீர்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள்.

“ஓடிப்போயிருக்கும்”

குழந்தை விஷயத்தில் இந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை இப்போது எந்த ஸ்டேஷனுக்கும் இல்லை. காணாமல் போன குழந்தையைக் கடத்தப்பட்டதாகவோ விற்கப்பட்டதாகவோ கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன் நடந்ததற்கு நொய்டாவின் நிதாரி சாட்சி. பிள்ளைகளைக் காணோம் என்று பெற்றோர் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். 2006 டிசம்பரில் அந்தக் குடியிருப்பை ஒட்டிய பங்களாவின் பின்பக்கச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன.

தனிப்படை கேட்டு மனுப் போடுவது

முப்பது வருட வழக்குக்குத் தனிப்படை கேட்டு மேலே மேலே மனு எழுதுகிறார்கள். தனிப்படை வந்தாலும் பிவண்டிக்குத்தான் போகும், நான் போகவில்லையா? கேட்க வேண்டியது சிறியது. வருடத்துக்கு இரண்டு நாள், ஒரு ஏட்டு, பக்கத்து அலமாரிகளோடு ஒப்பிட. இது கிடைக்கக் கூடியது, செலவும் பஸ் டிக்கெட்டுதான். அதைக்கூடச் செய்யாமல் “தேடிக்கொண்டிருக்கிறோம்” என்று குடும்பத்திடம் சொல்வது பொய். முடித்துவிட்டால் முடித்துவிட்டோம் என்று சொல்லிவிடுவது மேல். அந்தக் குடும்பம் நீதிமன்றத்துக்காவது போகும்.

தம்பியை அச்சகத்துக்கு அனுப்பவில்லை. உள்ளூர் ஆய்வாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, சென்ற வியாழக்கிழமை இருவரும் அந்த ஊருக்குப் பக்கத்து இருப்புப்பாதை காவல் நிலையத்துக்குப் போனோம். 1998 பதிவேடு பரணில் இருக்கிறதாம். ஏணி ஒடிந்திருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார் ரைட்டர். ஏணியை நாங்களே கொண்டுவருகிறோம் என்று தம்பி சொல்லிவிட்டு வந்தார்.